மாமன்னரின் கடன் பாக்கி: அப்பாவோடு இன்ஸ்புருக்கில் ஒரு நாள்

காலை ஒன்பது மணிக்கு எங்கள் சுற்றுலாக் குழுவை ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் வெற்றி வளைவுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் பஸ் கிளம்பியது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கைப்பையைத் திறந்து துழாவினார். பிறகு என் பக்கம் திரும்பி, “ரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டியோடு போய்விட்டதம்மா” என்றார்.

அன்று காலை விடுதியைக் காலி செய்திருந்தோம். இரவுத் தங்கல் வேறு ஊரில். 42 பேரின் பெட்டிகளும் பஸ்ஸின் அடிவயிற்றில் அடுக்கப்பட்டிருந்தன. பழைய நகருக்குள் சுற்றுலா பஸ்கள் வர முடியாது. இறக்கிவிட்டு நகர விளிம்பில் போய் நிற்க வேண்டும். சுற்றுலா மேலாளர் உடனே ஓட்டுநருக்குத் தொலைபேசியில் பேசினார். பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவர இயலாது என்று தெரிந்தது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் ஓட்டக்கூடிய நேரத்துக்கும் இரவு ஓய்வுக்கும் கணக்கு உண்டு. அத்தனையும் வண்டியில் இருக்கும் கருவியில் பதிவாகும். மாலையில் எங்களை அடுத்த ஊருக்கு ஏற்றிச்செல்ல வேண்டியவர் அவர். மேலாளரோடு வாதாடுவதில் பொருளில்லை. மாத்திரை இருக்கும் பையை வெளியே எடுத்து முன் இருக்கையில் வைத்திருப்பதாக ஓட்டுநர் சொன்னார். பஸ் திரும்பி வருவது மூன்றரை மணிக்கு.

குழுவில் கோவையிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு, “சில மணி நேரம் தள்ளிப்போவதால் பதற வேண்டாம். ஈடுகட்டுகிறேன் என்று இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். இன்று மலைக்கு மட்டும் வேண்டாம்” என்றார். அன்றைய திட்டத்தின் உச்சமே மலைதான். நகருக்குள்ளிருந்து புறப்படும் ரயிலும் அதற்கு மேல் கேபிள் காரும் 2,256 மீட்டர் உயரத்திலுள்ள ஹாஃபெலேகர் வரை கொண்டுபோய்விடும். அப்பாவுக்கு 71 வயது. நானும் அவரோடு கீழேயே இருந்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

குழுச் சுற்றுலாவில் இருப்பவர்கள் இதை மட்டும் இன்றிரவே செய்யுங்கள்: மூன்று நாளுக்கான மாத்திரைகளைத் தோளில் மாட்டும் பையில் வையுங்கள். மருத்துவச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அதில் வணிகப் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரும் இருக்க வேண்டும். அன்று ஒரு மருந்துக் கடையில் கேட்டபோது, மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த மருந்தைத் தர முடியாது, இந்தியச் சீட்டு போதாது என்று பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் வேதிப்பெயரைப் பார்த்ததும் என்ன மருந்தென்று அவர்களுக்கு உடனே புரிந்தது. அப்பாவை உட்காரவைத்து ரத்த அழுத்தமும் அளந்து சொன்னார்கள். சற்றுக் கூடுதல்தான், அஞ்சும்படி இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு ஊரைப் பார்க்கும் மனம் வந்தது.

பதினொன்றரை வரை உள்ளூர் வழிகாட்டி அம்மையாரோடு எல்லாரும் சேர்ந்தே நடந்தோம். வெற்றி வளைவு 1765ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மகாராணி மரியா தெரசாவின் மகன் லியோபோல்டுக்கும் ஸ்பெயின் இளவரசிக்கும் இந்த ஊரில்தான் அந்த ஆகஸ்டில் திருமணம் நடந்தது. கொண்டாட்டம் ஓயும் முன்பே, ஆகஸ்ட் 18 அன்று, மணமகனின் தந்தை முதலாம் பிரான்சிஸ் திடீரென்று இறந்துபோனார். அதனால் வளைவின் தெற்கு முகத்தில் திருமண மகிழ்ச்சியும் வடக்கு முகத்தில் துக்கமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தெற்கிலிருந்து வருபவர்கள் கல்யாணப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே உள்ளே நடந்துவிடுகிறார்கள். கடந்து போய் இருபது அடி தள்ளித் திரும்பிப் பார்த்தால்தான் மற்றது தெரியும். மரியா தெரசா அதன் பிறகு சாகும்வரை துக்க உடையே உடுத்தினார் என்று வழிகாட்டி சொன்னபோது, அப்பா நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். அம்மா போய் மூன்று வருடமாகிறது. நான் ஒன்றும் பேசவில்லை.

வளைவிலிருந்து வடக்கே ஓடும் அகன்ற தெருவுக்கு அந்த மகாராணியின் பெயர்தான். தெருவின் கோடியில், வீட்டுக் கூரைகளுக்கு மேலே, நோர்ட்கெட்டே மலைத்தொடர் சுவர்போல எழுந்து நிற்கிறது. இன்ஸ்புருக் இருப்பது சுமார் 570 மீட்டர் உயரத்தில். மலை அதற்கு மேல் நேராகக் கிளம்புகிறது. அதனால் நகரின் எந்தச் சந்திலிருந்து நிமிர்ந்தாலும் பாறை தெரிகிறது. செப்டம்பர் மாதம் என்பதால் உச்சியில் பனி இல்லை, சாம்பல் நிறப் பாறையில் வெயில் மட்டும்.

அப்பா 34 வருடம் திருநெல்வேலியில் வங்கிக் காசாளராக இருந்தவர். பழைய நாணயங்கள் சேர்ப்பார். மரியா தெரசா என்ற பெயரைக் கேட்டதும் அவருக்கு அந்த வெள்ளி நாணயம் நினைவுக்கு வந்துவிட்டது. 1780 என்று ஆண்டு பொறித்த மரியா தெரசா தாலர். மகாராணி இறந்த பிறகும் அதே ஆண்டோடு அதே முகத்தோடு அச்சாகிக்கொண்டே இருந்தது. அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் அதை நம்பித்தான் வியாபாரமே நடந்தது. 1940களின் தொடக்கத்தில் பம்பாய் நாணயச் சாலையிலும் அதை அச்சிட்டிருக்கிறார்கள். இதை அப்பா வழிகாட்டி அம்மையாரிடம் சொல்லச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் உங்கள் தந்தை ஹால் நகரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்” என்றார். அதிலிருந்து அவர் அப்பாவின் பக்கத்திலேயே நடந்துவந்தார். வழிகாட்டிகள் நாள்தோறும் ஒரே பாடத்தை ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பாடத்தில் இல்லாததெல்லாம் வெளியே வருகிறது.

பழைய நகரத்தின் நடுவே பொற்கூரை. அதைப் பற்றி எல்லாப் பயணக் குறிப்பிலும் இருப்பது ஒரு வரி: மாமன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் 1500ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய மாடம், 2,657 ஓடுகள். நேரில் முதலில் பார்க்கும்போது சின்னதாக இருக்கிறதே என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பெரிய கட்டடம் ஒன்றின் முகப்பில் ஒட்டிய மாடத்துக்கு மட்டுமே அந்தக் கூரை. ஓடுகள் செம்பு. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துச் செம்பின் மேல் பூசி, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் பொன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த முறையில் செய்தது. அருகில் போய் நிமிர்ந்து பாருங்கள். கூரையைவிட அதன் கீழே உள்ள புடைப்புச் சிற்பங்கள் எனக்குப் பிடித்திருந்தன. கைகால்களை முறுக்கி ஆடும் நடனக்காரர்கள், இரண்டு மனைவியரோடு மன்னர்: மறைந்துவிட்ட பர்கண்டியின் மேரி, அப்போதைய மனைவி பியாங்கா மரியா ஸ்ஃபோர்ட்சா. மன்னர் அந்த மாடத்தில் அமர்ந்து கீழே சதுக்கத்தில் நடக்கும் விளையாட்டுகளைப் பார்ப்பாராம். இப்போது அங்கே இருப்பவை நகல்கள். அசல் சிற்பங்கள் இதே ஊரின் ஃபெர்டினாண்டேயம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: “இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?”

அந்தக் கேள்விக்கான பதிலில்தான் எங்கள் அன்றைய நாள் அடங்கியிருந்தது. இன்ஸ்புருக்குக்குக் கிழக்கே ஹால் என்ற உப்பு நகரம். இன்னும் சற்றுத் தள்ளி ஷ்வாட்ஸ். ஷ்வாட்ஸ் மலையைக் குடைந்து எடுத்த வெள்ளிதான் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இன்ஸ்புருக் இருக்கும் டிரோல் நாட்டை ஐரோப்பா முழுவதும் திரும்பிப் பார்க்கவைத்தது. அந்த வெள்ளியைக் கொண்டு சிகிஸ்முண்ட் பிரபு 1486இல் ஹால் நாணயச் சாலையில் ஒரு பெரிய வெள்ளி நாணயத்தை அச்சிட்டார். ஒரு பொற்காசின் மதிப்புள்ள முதல் பெரிய வெள்ளிக் காசு. தாலர்களின் மூதாதை அது. தாலர் என்ற சொல்லே பின்னாளில் டாலர் ஆயிற்று. சிகிஸ்முண்டுக்கு ‘நாணயங்கள் நிறைந்தவர்’ என்று பட்டப்பெயர். ஆனால் அவரே கடனில் சிக்கி 1490இல் டிரோலை மாக்ஸிமிலியனிடம் விட்டுக்கொடுத்தார். மாக்ஸிமிலியனோ, இன்னும் வெட்டியெடுக்காத வெள்ளியை ஆக்ஸ்பர்க் நகர ஃபுகர் குடும்பத்திடம் அடகு வைத்துக் கடன் வாங்கிப் போர்களையும் திருமணங்களையும் நடத்தினார்.

அப்பா பொற்கூரையை மறுபடி நிமிர்ந்து பார்த்தார். “கடன் வாங்க வருகிறவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். கூரையைப் பார்த்தவன் இவரிடம் பணம் இல்லை என்று நினைப்பானா?” என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி கைதட்டினார்.

பதினொன்றரைக்குக் குழு மலைரயிலுக்குக் கிளம்பியது. பிரிந்து போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்னார் இத்தனை மணி வரை தனியாக இருக்கிறோம் என்று மேலாளருக்கு எழுத்தில் செய்தி அனுப்பினேன். அவர் எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் காகிதத்தில் எழுதி அப்பாவின் பையில் வைத்தேன். கைப்பேசி அணைந்துவிட்டால் காகிதம்தான் பேசும். அவசரத்துக்கு ஐரோப்பா முழுவதும் 112. சந்திக்கும் இடமாகப் பொற்கூரையைச் சொல்லாதீர்கள். அங்கே ஒரே நேரத்தில் பத்துக் குழுக்கள் நிற்கும். காலையில் எங்கள் குழுவின் ஒரு தம்பதி அந்தக் கூட்டத்தில் வேறு ஒரு குழுவின் பின்னால் போய், கால் மணி நேரம் எல்லாரும் தேடினோம். நாங்கள் இருவரும் அன்னாள் தூணை அடையாளமாக வைத்துக்கொண்டோம். மரியா தெரசா தெருவின் நடுவே 1706இல் எழுப்பிய தூண் அது. 1703இல் பவேரியப் படை விலகிய நாள் புனித அன்னாளின் திருநாள் என்பதால் அவர் பெயர். தூணின் உச்சியில் நிற்பவர் மரியாள். அன்னாள் அடியில் நிற்கிறார்.

யாக்கோபு பேராலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். உள்ளே கட்டணம் கேட்கவில்லை, வெயிலுக்குக் குளிர்ச்சி, பலிபீடத்தில் மூத்த லூக்காஸ் கிரானாக் வரைந்த தாயும் சேயும். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நகர மணிக்கூண்டில் ஏற 133 படிகள். அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறி இறங்கினேன். மேலிருந்து பார்த்தால் இன் நதி பச்சையும் பாலும் கலந்த நிறத்தில் ஓடுவது தெரிகிறது. பனியாறுகள் அரைத்த கல்மாவு தரும் நிறம். ஊரின் பெயருக்கே ‘இன் நதிப் பாலம்’ என்றுதான் பொருள்.

சாப்பாடு விஷயத்தில் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். டிரோலில் ஷ்பெக் என்ற புகையிட்ட பன்றி இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி எதிலும் போடுவார்கள். பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் என்று பட்டியலில் பார்த்து அப்பா ஆசைப்பட்டார். பரிமாறும் பெண்ணிடம் கேட்டேன். உருண்டையில் இறைச்சி இல்லை, ஆனால் சூப் மாட்டெலும்பில் வைத்தது என்றார். கேட்காமல் இருந்தால் தெரிந்திருக்காது. ‘ஓனெ ஃப்ளைஷ்’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதோடு குழம்பும் சூப்பும் எதில் வைத்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லெ என்ற மாவுப் பண்டத்தை வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். மேலே பொன்னிறமாய் வறுத்த வெங்காயம். அப்பா அதை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். குழாயிலும் தெரு நீரூற்றிலும் வருவது மலை ஊற்று நீர். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்ற பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். உணவகத்தை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே போய்விடுவது நல்லது.

பிறகு ஹோஃப்கிர்ஷே என்ற அரண்மனைத் தேவாலயம். குழுவின் திட்டத்தில் அது ‘வெளியிலிருந்து பார்வை’ என்று மட்டுமே இருந்தது. வெளியே இருந்து பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தின் வாயில் வழியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு போனோம். முதியவர்களுக்குச் சலுகை உண்டா என்று எங்கும் கேளுங்கள்; பிறந்த ஆண்டுள்ள அடையாள அட்டையை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபுறமும் ஆளைவிட உயரமான வெண்கல மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 28 பேர். ஊர்க்காரர்கள் அவர்களைக் ‘கறுப்பு மனிதர்கள்’ என்கிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் பெண்கள். மாக்ஸிமிலியனின் முன்னோரும் உறவினரும் அவர் தனக்கு முன்னோராக வரித்துக்கொண்ட வீரர்களும். ஆர்தர் மன்னர்கூட நிற்கிறார். அவருடைய சிலை ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் வரைந்து கொடுத்து 1513இல் நியூரம்பர்கில் வார்த்தது. கவசத்தின் ஒவ்வொரு மடிப்பும், பெண்களின் உடையில் ஒவ்வொரு பூவேலையும் வெண்கலத்தில் இருக்கிறது. பலருடைய ஒரு கை எதையோ பிடித்திருப்பதுபோல் முன்னால் நீண்டு, உள்ளே வெற்றிடமாக இருக்கிறது. மன்னரின் நினைவு வழிபாட்டின்போது அந்தக் கைகளில் மெழுகுவத்தி ஏந்தவைப்பதற்காக அப்படிச் செய்ததாம். நான் ஒரு கையின் அருகே நின்று பார்த்தேன். விரல்களின் உட்புறத்தில்கூட ரேகைபோல மடிப்புகள் இருந்தன.

நடுவே பளிங்குக் கல்லறை. பக்கங்களில் மன்னரின் வாழ்க்கையைச் சொல்லும் 24 பளிங்குச் சிற்பப் பலகைகள். உச்சியில் வெண்கல மாக்ஸிமிலியன் மண்டியிட்டிருக்கிறார். கல்லறை காலி. அவர் உடல் வீனர் நாய்ஸ்டாட் என்ற ஊரில் இருக்கிறது. 40 சிலைகள் என்பது அவர் போட்ட திட்டம். அவர் காலத்தில் சில மட்டுமே முடிந்தன. இந்தத் தேவாலயத்தையே அவருடைய பேரன் பெர்டினாண்ட்தான் 1553க்குப் பிறகு கட்டினார். 1518இல் மாக்ஸிமிலியன் கடைசியாக இன்ஸ்புருக்குக்கு வந்தபோது, பழைய பாக்கி தீரவில்லை என்று விடுதிக்காரர்கள் அவர் பரிவாரத்துக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள் என்று இந்த ஊரில் சொல்கிறார்கள். அடுத்த ஜனவரியில் வெல்ஸ் நகரில் இறந்துபோனார்.

அப்பா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் காலிக் கல்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்கி இருந்தும் பேரன் முடித்துக் கொடுத்திருக்கிறானே” என்றார். பிறகு எழுந்து ஒவ்வொரு சிலையாகப் பெயர்ப்பலகையை என்னைப் படிக்கச் சொன்னார். ‘நாணயங்கள் நிறைந்த’ சிகிஸ்முண்டும் அந்த வரிசையில் நிற்கிறார். அவர் முன்னால் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், வங்கியில் மேலதிகாரி வந்தால் நிற்பதுபோல. அந்தத் தேவாலயத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். அருகிலேயே 1809 டிரோல் கிளர்ச்சியின் தலைவர் ஆந்திரேயாஸ் ஹோஃபரின் கல்லறையும் இருக்கிறது. அதைப் பார்த்தோம், அதற்குள் நேரமாகிவிட்டது.

ஒரு நாளில் ஊர் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்று முன்பு நானும் பட்டியல் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். அரண்மனை, பனிச்சறுக்குக் கோபுரம், வாட்டன்ஸ் ஊரிலுள்ள படிகக் கண்ணாடிக் காட்சியகம் எதையும் அன்று பார்க்கவில்லை. மலைக்குப் போனவர்கள் கண்டதையும் காணவில்லை. அப்பாவின் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தெரு தெருவாகப் போனோம். வீடு திரும்பிய பிறகு மற்ற ஊர்களின் படங்களைப் பார்த்தால் எது எங்கே என்று எனக்குக் குழம்புகிறது. இன்ஸ்புருக் மட்டும் குழம்பவில்லை. போகும் ஊரைப் பற்றி முன்னிரவில் அரை மணி நேரம் படித்து, கூட வருகிறவருக்கு எது பிடிக்குமோ அந்த ஒன்றைக் குறித்துக்கொண்டு போங்கள். இலவச நேரம் என்று ஒரு மணி நேரம் கொடுத்தாலும் நினைவுப்பொருள் கடையில் அது கரைந்துபோகாது.

மூன்றரைக்குப் பஸ் வந்தது. ஓட்டுநர் முன் இருக்கையில் வைத்திருந்த பையை அப்பாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அப்பா உட்கார்ந்த உடனே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அட்டையின் மீதியைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டார்.

மலையிலிருந்து இறங்கியவர்கள் கன்னம் சிவந்து ஏறினார்கள். மதுரைக் குடும்பத்தின் ஏழாம் வகுப்புப் பையன் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “தாத்தா, எடல்வைஸ் பூ இருக்கும் என்று சொன்னார்கள். எல்லா இடமும் தேடினேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை” என்றான்.

அப்பா உணவகத்தில் வாங்கிய சில்லறையை மடியில் கொட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு 2 சென்ட் காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். ஆஸ்திரிய அச்சில் அதன் ஒரு பக்கம் எடல்வைஸ் பூதான்.

பையன் ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“ஒரு சென்ட்டில் ஒரு மலைப் பூ, ஐந்து சென்ட்டில் ஒரு மலைப் பூ” என்று மடியிலிருந்த காசுகளை அவன் பக்கம் தள்ளினார் அப்பா. “இன்னும் இரண்டு பாக்கி. தேடி எடு.”